கிட்டில் கோடு விழுந்தால் பறவைக் காய்ச்சலா?

மோகனூர் பக்கம் முட்டைக்கோழிப் பண்ணை வைத்திருக்கும் ஒருவர் கேட்டிருந்தார்: "பண்ணையில் எட்டுப் பேர் வேலை செய்கிறார்கள். கேரளத்தில் பறவைக் காய்ச்சல் என்று செய்தி வரும்போதெல்லாம் எனக்குத் தூக்கம் போய்விடுகிறது. மருத்துவப் பொருள்கள் விற்கும் கடையில் ஃப்ளூ ஏ, ஃப்ளூ பி பார்க்கும் ரேபிட் கிட் கிடைத்தது. இருபத்தைந்து அட்டை உள்ள பெட்டி ஒன்றை வாங்கி வைத்துவிட்டேன். யாருக்காவது காய்ச்சல் வந்தால் பறவைக் காய்ச்சலா இல்லையா என்று பதினைந்து நிமிடத்தில் தெரிந்துவிடும் அல்லவா? கோடு விழாவிட்டால் வேலைக்கு அனுப்பிவிடலாம் அல்லவா?"

இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன், அண்ணா. வில்லங்கம் அங்கேதான் இருக்கிறது. கோடு விழவில்லை என்பதற்காக யாரையும் திரும்பக் கூண்டுகளுக்கு நடுவே அனுப்பாதீர்கள். முதல் கேள்விக்கும் பதில் "தெரியாது" என்பதுதான், ஆனால் அதற்குக் கொஞ்சம் விளக்கம் வேண்டும். கோவையில் ஓர் ஆய்வகத்தில் இருபத்திரண்டு ஆண்டுகளாகப் பிறர் மூக்குச் சளியோடு குடித்தனம் நடத்துகிறவள் நான். இந்தக் கிட்டுகளோடு எனக்குப் பகை ஒன்றும் கிடையாது. நாங்களும் பயன்படுத்துகிறோம். எங்கே உதவும், எங்கே காலை வாரும் என்று தெரிந்துகொண்டு பயன்படுத்துகிறோம்.

பெட்டியிலிருந்து ஓர் அட்டையை எடுத்து அதன் பிளாஸ்டிக் ஓட்டைப் பிளந்து பாருங்கள். ஒன்று வீணாகப் போனால் போகட்டும். உள்ளே விரல் நீளத்துக்கு ஒரு பட்டை இருக்கும். சொட்டு விடுகிற முனையில் உறிஞ்சும் பஞ்சு. அதையடுத்து செம்மண்ணைக் கரைத்துத் தடவியது போல ஒரு சிறு பகுதி. அந்தச் சிவப்பு பெரும்பாலான கிட்டுகளில் மிக நுண்ணிய தங்கத் துகள்களின் நிறம். ஒவ்வொரு துகளிலும் ஃப்ளூ வைரஸின் ஒரு புரதத்தைப் பற்றிக்கொள்ளும் ஆன்டிபாடி ஒட்டியிருக்கிறது. சளி கரைந்த திரவம் பட்டையில் ஊர்ந்து போகும்போது அதில் வைரஸ் புரதம் இருந்தால் தங்கத் துகளையும் இழுத்துக்கொண்டு போகும். வழியில் "ஏ" என்று குறித்த இடத்தில் இன்னோர் ஆன்டிபாடி கண்ணி வைத்துக் காத்திருக்கும். அங்கே துகள்கள் போதுமான அளவு மாட்டிக்கொண்டால்தான் நம் கண்ணுக்குக் கோடாகத் தெரியும். "சி" கோட்டுக்கும் நோய்க்கும் சம்பந்தமில்லை. திரவம் ஒழுங்காக ஓடியதா என்பதற்கு அது சாட்சி. சளியே இல்லாமல் வெறும் கரைசலை விட்டாலும் "சி" விழும். ஸ்வாப் என்ற மாதிரி எடுக்கும் குச்சியை மூக்கு நுனியில் தொட்டுவிட்டு எடுத்தாலும் "சி" மட்டும் அழகாக விழுந்து, எல்லாம் நலம் என்பது போல நிற்கும்.

இனி அந்த "ஏ". எச்5என்1, எச்9என்2, எச்3என்2 என்கிறோமே, அந்த "எச்", "என்" இரண்டும் வைரஸின் வெளிப்பரப்பில் நீட்டிக்கொண்டிருக்கும் புரதங்கள். அதை மேல்சட்டை என்று வைத்துக்கொள்ளுங்கள். கிட் பார்ப்பது சட்டையை அல்ல, உள்ளே இருக்கும் பனியனை. நியூக்ளியோபுரோட்டீன் என்று அதற்குப் பெயர். ஏ வகை ஃப்ளூ வைரஸ்கள் எல்லாமே ஏறத்தாழ ஒரே பனியனைத்தான் போட்டிருக்கின்றன. நாம் பயப்படும் பறவைக் காய்ச்சலான, வாத்துக்கு வரும் எச்5என்1 ஆனாலும், 2009இல் பன்றிக் காய்ச்சல் என்று நம்மைக் கலங்கடித்து இப்போது வருடாவருடம் வந்துபோகும் எச்1என்1 ஆனாலும், அட்டைக்கு எல்லாம் ஒரே "ஏ"தான். உங்கள் பண்ணை ஆளுக்கு ஐப்பசி அடைமழையில் "ஏ" கோடு விழுந்தால், ஊரில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் முதல் எல்லோருக்கும் வந்திருக்கும் அதே சாதாரண ஃப்ளூவாக இருக்கவே வாய்ப்பு மிக அதிகம். பறவைக் காய்ச்சல் என்று அலறுவதற்கு அந்தக் கோடு போதாது.

கோடு விழாததும் நிம்மதிக்குப் போதாது. சாதாரண ஃப்ளூவிலேயே இந்த வகை கிட்டுகள் நூறு நோயாளிகளில் ஐம்பது முதல் எழுபது பேரைத்தான் பிடிக்கும் என்பது நெடுநாளைய அனுபவம். 2009இல் புதிய எச்1என்1 வந்தபோது சில ஆய்வுகளில் பத்துப் பேரில் ஒருவரைப் பிடிப்பதற்கே திணறின. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2017இல் விதியை இறுக்கி, பிசிஆரோடு ஒப்பிட்டால் குறைந்தது 80 சதவீதமாவது பிடிக்க வேண்டும் என்றது. அதன் பிறகு கிட்டுகள் தேறியிருக்கின்றன. ஆனால் அந்த 80 சதவீதமும் மனிதர்களிடையே வழக்கமாகப் பரவும் ஃப்ளூவுக்கு, முறையாக எடுத்த மாதிரியில், நோயின் முதல் சில நாட்களில் கிடைப்பது. பறவைக் காய்ச்சலுக்கு அந்த எண்ணை அப்படியே கடன் வாங்க முடியாது.

காரணம் வைரஸ் உடம்பில் குடியேறும் இடம். ஃப்ளூ வைரஸ் நம் செல்லுக்குள் நுழைய, செல்லின் மேல் இருக்கும் சயாலிக் அமிலம் என்ற சர்க்கரைப் பொருளைப் பற்றிக்கொள்கிறது. மனிதர்களுக்கான ஃப்ளூ வைரஸுக்குப் பிடித்த அமைப்பு மூக்கிலும் தொண்டையிலும் நிறைய இருக்கிறது. பறவை வைரஸுக்குப் பிடித்த அமைப்பு நம்மிடம் அதிகமாக இருப்பது நுரையீரலின் அடிப்பகுதியில், காற்றுப் பைகளுக்குப் பக்கத்தில். அப்புறம் கண்ணின் வெண்படலத்தில். அதனால் எச்5என்1 தாக்கிய ஆள் நிமோனியாவில் மூச்சுத் திணறிக்கொண்டிருப்பார், அவர் மூக்கில் விட்ட ஸ்வாபில் ஒன்றும் இல்லாமல் போகலாம். வியட்நாமில் எச்5என்1 நோயாளிகளைப் பார்த்த மருத்துவர்கள் மூக்கைவிடத் தொண்டையில் வைரஸ் அதிகம் இருப்பதைக் கண்டார்கள். செயற்கைச் சுவாசத்தில் இருக்கும் நோயாளி என்றால் மூச்சுக்குழாய்க்குள்ளிருந்து உறிஞ்சி எடுக்கும் சளிதான் நம்பத் தகுந்தது. உங்கள் பெட்டியில் இருப்பது மூக்குக்கான குச்சி. வைரஸ் மோகனூரில் இருக்க, நாம் ராசிபுரத்தில் தேடுகிற கதை.

பிசிஆர் என்றால் என்ன என்பதைக் கொரோனா எல்லோருக்கும் கற்றுக்கொடுத்துவிட்டது. வைரஸின் மரபுப் பொருளை எடுத்து, டிஎன்ஏவாக மாற்றி, சுற்றுக்குச் சுற்று இரட்டிப்பாக்கிக்கொண்டே போவது. எத்தனையாவது சுற்றில் அது இயந்திரத்தின் கண்ணில் படுகிறதோ அதுதான் சிடி எண். சிடி ஸ்கேனோடு குழப்பிக்கொண்டோமே, அதே சிடிதான். எண் குறைவாக இருந்தால் வைரஸ் அதிகம். அட்டைக்கு இலட்சக்கணக்கில் வைரஸ் வேண்டியிருக்கும் இடத்தில் பிசிஆருக்குச் சில நூறு போதும். அதைவிடக் குறைந்தாலும் பல நேரம் கண்டுபிடித்துவிடும்.

இதில் நாங்கள் கவனிப்பது ஒரு முரண்பாட்டை. முதலில் பனியனைப் பார்ப்பது போல, ஏ வகை எல்லாவற்றுக்கும் பொதுவான ஒரு மரபணுவைத் தேடுவோம். அது இருந்தால் அடுத்து சட்டை: எச்1 உண்டா, எச்3 உண்டா? மனிதர்களிடையே சுற்றும் ஏ வகை இந்த இரண்டில் ஒன்றாக இருந்தாக வேண்டும். ஏ நன்றாகத் தெரிகிறது, சிடி எண்ணும் குறைவு, ஆனால் எச்1உம் இல்லை, எச்3உம் இல்லை என்று வந்தால் ஆய்வகத்தில் பேச்சு நின்றுவிடும். வகைப்படுத்த முடியாத ஏ. சிடி எண் முப்பத்தைந்தைத் தாண்டியிருந்தால் பெரும்பாலும் வைரஸ் குறைவாக இருந்ததால் வகை பிடிபடவில்லை, அவ்வளவுதான். இருபதில் வந்தால் அன்றைக்கு யாரும் நேரத்துக்கு வீட்டுக்குப் போவதில்லை. மாதிரி புனேயில் உள்ள தேசிய வைராலஜி நிறுவனத்துக்குப் போகும், அதற்கு முன்பே சுகாதாரத் துறைக்குத் தொலைபேசி போகும்.

இந்தியாவில் பதிவான முதல் எச்5என்1 மனித மரணம் வெளிப்பட்டதும் இந்த வழியாகத்தான். 2021 ஜூலையில் ஹரியானாவைச் சேர்ந்த ஒரு சிறுவன் டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையில் இறந்தான். ஏற்கெனவே ரத்தப் புற்றுநோய் இருந்த பிள்ளை. கொரோனா இல்லை என்று வந்தது. ஃப்ளூ ஏ இருக்கிறது, வகை பிடிபடவில்லை என்று வந்தது. புனே ஆய்வகம்தான் எச்5என்1 என்று சொன்னது. அதற்குள் சிறுவன் இறந்துவிட்டான். 2025 மார்ச்சில் ஆந்திராவின் நரசராவ்பேட்டையில் இரண்டு வயதுப் பெண் குழந்தைக்கும் ஏறத்தாழ இதே கதை. மாத நடுவில் குழந்தை இறந்தது, உறுதிப்படுத்திய முடிவு மாதக் கடைசியில் வந்தது. பச்சைக் கோழிக்கறித் துண்டு ஒன்றைக் குழந்தை வாயில் போட்டதாக வீட்டார் சொன்னார்கள். இந்த இரண்டிலும் ஒரு கிட் முன்கூட்டியே சொல்லிக் காப்பாற்றியிருக்கும் என்று நான் நினைக்கவில்லை. "ஏ" என்ற பதில் கையில் இருந்தும் வகை தெரிய அத்தனை நாளானது.

கண்ணுக்கு வருகிறேன். கோழிப்பண்ணைக்காரர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது. 2024இல் அமெரிக்காவில் எச்5என்1 கறவை மாடுகளுக்குள் புகுந்தது. டெக்சாஸில் ஒரு பால் பண்ணைத் தொழிலாளிக்குக் கண் சிவந்தது. காய்ச்சலும் இல்லை, இருமலும் இல்லை. அவருடைய கண்ணிலும் மூக்கிலும் மாதிரி எடுத்தார்கள். கண் மாதிரியின் சிடி எண் 18. மூக்கு மாதிரியில் 33. பதினைந்து சுற்று வித்தியாசம். ஒவ்வொரு சுற்றும் இரட்டிப்பு என்றால் கண்ணில் இருந்தது மூக்கில் இருந்ததைப் போல முப்பதாயிரம் மடங்குக்கும் மேல். அவர் மூக்கில் மட்டும் ஒரு ரேபிட் கிட் போட்டிருந்தால் அட்டை வெள்ளையாகவே இருந்திருக்கும். அதன்பிறகு அமெரிக்காவில் கண்டறிந்த சுமார் எழுபது பேரில் பெரும்பாலோருக்குக் கண் சிவப்புதான் முக்கிய அறிகுறி.

ஆனால் இதைப் படித்துவிட்டு நாமக்கல்லில் கண் சிவந்தவரையெல்லாம் துரத்தினால் ஊரில் முட்டை எடுக்க ஆள் இருக்காது. கோழிப்பண்ணையில் கண் சிவக்க ஆயிரம் காரணம். எருவிலிருந்து கிளம்பும் அமோனியா ஒன்று. இன்னொன்று சுவாரசியமானது: வெள்ளைக்கழிச்சல் என்ற கோழி நோய்க்கான தடுப்பு மருந்து. அதற்கு விடும் லசோட்டா சொட்டு மருந்தில் இருப்பது உயிருள்ள வைரஸ். குஞ்சுகளுக்குக் கண்ணிலும் மூக்கிலும் விடும்போது தெறித்தாலோ, அதே கையால் கண்ணைக் கசக்கினாலோ மருந்து விடுகிற ஆளுக்கே கண் சிவந்து நீர் வடியும். ஒரு வாரத்தில் தானாகப் போய்விடும். அது ஃப்ளூவே அல்ல, வேறு குடும்பத்து வைரஸ். உங்கள் கிட் அதைக் கண்டுகொள்ளாது. ஆகவே கண் சிவந்த ஆளிடம் முதலில் கேட்க வேண்டியது "முந்தாநாள் தடுப்பு மருந்து விட்டாயா?" என்று. விடவில்லை, கூண்டில் கோழிகள் கொத்தாகச் செத்திருக்கின்றன என்றால் கதை வேறு.

ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். எண்கள் கணக்குக்காக நான் வைத்துக்கொண்டவை. ஆயிரம் பேருக்குப் பரிசோதனை செய்கிறோம்; அதில் பத்துப் பேருக்கு உண்மையில் தொற்று இருக்கிறது. கிட் நூற்றுக்கு அறுபதைப் பிடிக்கும், தொற்று இல்லாதவர்களில் நூற்றுக்கு இரண்டு பேருக்குத் தவறாகக் கோடு காட்டும் என்று கொள்வோம். பத்தில் ஆறு பேர் பிடிபடுவார்கள், நான்கு பேர் நழுவுவார்கள். மீதி 990 பேரில் இருபது பேருக்கு வீண் கோடு. மொத்தம் 26 கோடுகள். அதில் உண்மை ஆறு. தொற்று இல்லாதவர்களிடம் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு சரியாகச் சொல்லும் கிட் இது, மறந்துவிடாதீர்கள். இத்தனைக்கும் பத்துப் பேர் என்று தாராளமாக வைத்திருக்கிறேன். 2003 முதல் உலகம் முழுவதும் எச்5என்1 என்று உறுதியாகி உலக சுகாதார நிறுவனத்துக்கு வந்த மனிதர்களின் எண்ணிக்கையே ஆயிரத்தை ஒட்டித்தான் இருக்கிறது. அதில் ஏறத்தாழப் பாதிப் பேர் இறந்தார்கள் என்பதுதான் நாம் பயப்படக் காரணம். அரிய நோய், வந்தால் கொடிய நோய். இப்படிப்பட்ட நோய்க்கு எல்லோரிடமும் வலை வீசுவது வீண் வேலை. சரியான ஆளிடம் நல்ல மாதிரியாக எடுத்துப் பார்க்க வேண்டும்.

எச்5க்கு என்றே தனிக் கிட் கிடையாதா என்று அடுத்துக் கேட்பீர்கள். ஒன்று வந்தது. 2009 ஏப்ரலில் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. தொண்டை அல்லது மூக்கு மாதிரியில் நாற்பது நிமிடத்துக்குள் எச்5என்1ஐச் சொல்லும் என்றார்கள். அது தேடியது என்எஸ்1 என்ற புரதத்தை. நம் ஊரில் என்எஸ்1 என்றால் டெங்கு ஞாபகம்தான் வரும். பெயர் ஒன்று, ஆள் வேறு. அந்தக் கிட் மருத்துவமனைகளில் பரவி நான் பார்க்கவில்லை. வருடத்துக்கு ஒருமுறைகூட வராத நோய்க்குக் காலாவதியாகும் பெட்டியை யார் வாங்கி அடுக்குவார்கள்? அதற்கு மூன்று வருடம் முன்பு, 2006 பிப்ரவரியில், எச்5ஐ நேரடியாகத் தேடும் பிசிஆர் முறைக்கு அதே நாட்டில் அனுமதி கிடைத்தது. மாதிரி ஆய்வக மேசைக்கு வந்து நான்கு மணி நேரத்தில் முதல் பதில். இன்றும் நம்பிக்கை அந்த வழியில்தான். அதே பிப்ரவரியில்தான் மகாராஷ்டிராவின் நவாப்பூரில் இந்தியாவின் முதல் பறவைக் காய்ச்சல் கோழிப்பண்ணைகளில் உறுதியானது. நாமக்கல்லில் முட்டை விலை சரிந்த அந்த நாட்கள் உங்களுக்கு என்னைவிட நன்றாக நினைவிருக்கும்.

கோழிக்குப் போடும் ரேபிட் கிட் ஒன்றும் உண்டு. எச்சத் துவாரத்திலும் மூச்சுக்குழாயிலும் ஸ்வாப் எடுத்துப் பார்ப்பது. அதை ஆளுக்குப் போட்டுப் பார்த்ததாக ஒருவர் என்னிடமே பெருமையாகச் சொன்னார். தயவுசெய்து வேண்டாம், மனிதச் சளிக்கு அது சோதிக்கப்பட்டதல்ல. கோழிக்குமே அது முதல் சந்தேகத்துக்குத்தான். உறுதி செய்வது போபாலில் இருக்கும் உயர் பாதுகாப்புக் கால்நடை ஆய்வகம். ஒன்று சொல்ல வேண்டும்: பண்ணையில் நோய் உறுதியானால் சுற்றிலும் ஒரு கிலோமீட்டருக்குள் கோழிகளை அழிப்பார்கள், பத்துக் கிலோமீட்டர் வரை கண்காணிப்பார்கள். அந்தப் பயத்தில் செத்த கோழியை இரவோடு இரவாகக் குழி தோண்டிப் புதைப்பவர்கள் இருக்கிறார்கள். புதைக்கிற ஆளுக்குத்தான் எல்லோரையும்விட அதிகமாக வைரஸ் மூக்கில் ஏறுகிறது. அவருக்கு நான்காம் நாள் காய்ச்சல் வந்தால், மருத்துவரிடம் செத்த கோழியைப் பற்றிச் சொல்ல மாட்டார். சொல்லாவிட்டால் எச்5 சோதனை கேட்க எந்த மருத்துவருக்கும் தோன்றாது.

மாதிரி எடுப்பதைப் பற்றி எனக்குத் தீராத ஆதங்கம் உண்டு. ஒருமுறை தாராபுரம் பக்கத்து மருத்துவமனை ஒன்றிலிருந்து பஸ்ஸில் ஒரு மாதிரி வந்தது. தெர்மோகோல் பெட்டி; பனிக்கட்டி உருகித் தண்ணீராகி, குழாயின் மேல் எழுதிய பெயர் கரைந்து ஊதாக் கறையாக மிதந்துகொண்டிருந்தது. உள்ளே இருந்தது மரக்குச்சியில் சுற்றிய சாதாரணப் பஞ்சு, கொஞ்சம் உப்புக் கரைசல். பஞ்சும் மரமும் பிசிஆரைக் கெடுக்கும்; பாலியெஸ்டர் போன்ற செயற்கை இழை நுனி உள்ள பிளாஸ்டிக் குச்சிதான் வேண்டும். எடுத்ததை விடிஎம் என்று நாங்கள் சொல்லும் கடத்தும் திரவத்தில் போட்டு, 2 முதல் 8 டிகிரிக் குளிரில், மூன்று நாட்களுக்குள் கொண்டு சேர்க்க வேண்டும். வீட்டு ஃப்ரிட்ஜின் மேல்தட்டில் உறைய வைத்தால் கெட்டது. அந்த மாதிரியில் "எதுவும் இல்லை" என்று அறிக்கை கொடுக்க எனக்குக் கை வரவில்லை. திரும்ப எடுத்து அனுப்பச் சொன்னேன். அதற்குள் நோயாளி குணமாகி வீட்டுக்குப் போயிருந்தார், நல்லவேளை.

உங்கள் பெட்டிக்கும் இது பொருந்தும். அட்டைகளை 30 டிகிரிக்குள் வைக்கச் சொல்லி உறையிலேயே அச்சிட்டிருப்பார்கள். சித்திரை வெயிலில் தகரக் கூரை போட்ட பண்ணை அலுவலக அலமாரியில் எத்தனை டிகிரி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். பதினைந்து நிமிடத்தில் படிக்க வேண்டிய அட்டையைத் தீவனம் போட்டுவிட்டு வந்து ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தால், காய்ந்த பட்டையில் இல்லாத கோடும் இருப்பது போலத் தெரியும்.

பிசிஆரையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப வேண்டாம். 2022இல் ஸ்பெயினில் நோய் கண்ட கோழிப்பண்ணையில் வேலை செய்த இருவருக்குச் சோதனையில் எச்5என்1 என்று வந்தது; உடம்பில் ஒரு தொந்தரவும் இல்லை. பண்ணைத் தூசியோடு மூக்கில் ஏறிய வைரஸாக இருக்கலாம், உண்மையான தொற்று அல்ல என்று பிறகு கருதினார்கள். எதிர்த்திசையிலும் பாடம் உண்டு: வலுவான சந்தேகம் இருக்கும்போது ஒரே ஒரு மாதிரியில் இல்லை என்று வந்தால் விட்டுவிடக் கூடாது, அடுத்தடுத்த நாட்களில், வேறு இடங்களிலிருந்தும் எடுத்துப் பார்க்க வேண்டும்.

முடிவு வரும்வரை சிகிச்சை காத்திருக்கக் கூடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஃப்ளூவுக்கான ஒசெல்டாமிவிர் மாத்திரை அறிகுறி தொடங்கிய இரண்டு நாட்களுக்குள் தொடங்கினால் பலன் அதிகம். செத்த கோழிகளோடு புழங்கியவருக்குக் காய்ச்சல், இருமல் என்றால் மருத்துவர் மாதிரியை எடுத்த கையோடு மாத்திரையைத் தொடங்கிவிடுவார். நீங்களாக வாங்கிக் கொடுக்காதீர்கள். அளவும் நாட்களும் ஆளுக்கு ஆள் மாறும்.

அப்படியானால் நீங்கள் என்ன செய்வது? ஒரு நோட்டுப் புத்தகம் போடுங்கள். எந்தக் கொட்டகையில் எந்த நாள் எத்தனை கோழி செத்தது, யார் எடுத்துப் போட்டது என்று எழுதுங்கள். வழக்கத்துக்கு மாறாகச் சாவு ஏறினால் கால்நடை உதவி எண் 1962ஐ அழையுங்கள். நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி உங்களுக்குக் கூப்பிடு தூரம். செத்த கோழியைத் தொட்டவரைக் கடைசியாகத் தொட்ட நாளிலிருந்து பத்து நாள் கவனியுங்கள்: காய்ச்சல், இருமல், கண் சிவப்பு, மூச்சு வாங்குதல், சிலருக்கு வயிற்றுப்போக்கு. ஏதாவது ஒன்று வந்தால் அவருக்கு முகக்கவசம் மாட்டி, தனி அறையில் வைத்து, ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ 104 சுகாதார உதவி எண்ணுக்கோ சொல்லுங்கள். கொரோனாவுக்குப் பிறகு கோவை, சேலம், பெருந்துறை மருத்துவக் கல்லூரிகளிலெல்லாம் பிசிஆர் செய்து பழகிய கைகள் இருக்கின்றன. நாமக்கல்லிலேயே 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. எந்த மாதிரி எங்கே போக வேண்டும் என்பதை மாவட்ட நோய்க் கண்காணிப்புப் பிரிவு பார்த்துக்கொள்ளும். மாதிரியோடு போகும் சீட்டில் "கோழிப்பண்ணைத் தொழிலாளி, இந்தத் தேதியில் செத்த கோழிகளைக் கையாண்டார்" என்று ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். தொண்டையிலும் எடுக்கச் சொல்லுங்கள். கண் சிவந்திருந்தால் கண்ணிலும். அந்த ஒரு வரி இல்லாவிட்டால் உங்கள் ஆளின் குழாய் நூறு குழாய்களில் ஒன்றாக வரிசையில் நிற்கும்.

உங்கள் எட்டுப் பேரில் பாதிப் பேராவது ஒடிசா, பீகார் பக்கம் இருந்து வந்தவர்களாக இருப்பார்கள் என்று ஊகிக்கிறேன். காய்ச்சல் என்று வாயைத் திறந்தால் அன்றைய கூலி போகும் என்று தெரிந்தால் அவர்கள் பாரசிட்டமாலை விழுங்கிவிட்டுக் கூண்டுக்குப் போய்விடுவார்கள். பெட்டிக்குக் கொடுத்த பணத்தை அந்தக் கூலிக்கு ஒதுக்கியிருக்கலாம். நோயாகப் படுக்கும் நாட்களுக்குக் கூலி உண்டு என்று அவர்களுக்குப் புரியும் மொழியில் ஒருமுறை சொல்லிவிடுங்கள்.

வாங்கிய பெட்டியைக் கடைக்காரர் திருப்பி எடுத்துக்கொண்டால் கொடுத்துவிடுங்கள். மாட்டேன் என்றால் கோவை வரும்போது கொண்டுவாருங்கள். புதிதாகச் சேரும் பயிற்சி மாணவிகளுக்கு அட்டையை உடைத்துக் காட்டிப் பாடம் நடத்த எனக்கு வருடத்துக்கு இருபதாவது வேண்டியிருக்கிறது.